தவறி விழுந்ததாக எழுதிய மனு

என் கதைகளில் எல்லோரும் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறார்கள், வாக்கியம் நிற்காமல் ஓடுகிறது என்று சிலர் பாராட்டுவார்கள். எங்கே கற்றீர்கள் என்றும் கேட்பார்கள். ஏதோ சொல்லி மழுப்பிவிடுவேன். கள்ளக்குறிச்சியில் மனு எழுதிப் பிழைத்த காலத்தில், ஒரு பெண்ணுக்குக் கேடு செய்துதான் கற்றேன் என்று எப்படிச் சொல்வது?

திங்கள்கிழமை குறைதீர் நாளில், கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் ஒரு பரீட்சை அட்டை. அதுதான் என் கடை. மனுவில் யார் மீதும் விரல் நீட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். 'அடித்தார்' என்று எழுத மாட்டோம், 'கைகலப்பு ஏற்பட்டது' என்போம். பாதையை ஒருவர் வேலி போட்டு மறித்திருந்தால், 'பாதை அடைபட்டுள்ளது' என்போம். யாருக்கும் கோபம் வராது, காகிதம் சுலபமாக நகரும் என்று நம்பினோம். அப்படி வழவழவென்று எழுதுவதில் எனக்குக் கர்வம் வேறு.

அந்தப் பெண் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். மூங்கில்துறைப்பட்டுக்கு அருகே ஒரு கொல்லையில் இருவரும் கரும்பு வெட்டப் போன இடத்தில் கணவன் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அழவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"லோடு ஜாஸ்தியா கீதுன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. மேஸ்திரி கேக்கல. இன்னும் ரெண்டு கட்டு வையின்னு அவுர மேல ஏத்துனான். அவுரு எறங்கறதுக்குள்ள டிரைவரு டிராக்டர எடுத்துட்டான். தலகீழா வுழுந்தாரு. மேஸ்திரி தூக்கினு போயி வரப்புல போட்டான். மிச்சக் கட்டயும் ஏத்தி, லோட அனுப்பிட்டு, அப்புறந்தான் ஆட்டோவுக்கு போன் போட்டான். நான் கால புடிச்சிக்கினு கெஞ்சினேங்க. கைய தட்டிவுட்டான்."

மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஏன் அவரை வரப்பில் போட்டாய் என்று யாராவது விசாரிக்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

நான் எழுதியது இது: 'கரும்பு ஏற்றும் பணியின்போது எதிர்பாராதவிதமாகத் தவறி விழுந்ததில் பலத்த காயம் ஏற்பட்டு, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட நிலையில் மரணம் சம்பவித்துவிட்டது. உரிய நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' படித்துக் காட்டவில்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் கடிதத்தோடு வந்தாள். தவறி விழுந்ததாக மனுதாரரே கூறியிருக்கிறார், மேஸ்திரியும் அப்படியே சொல்கிறார், எனவே மேல்விசாரணை தேவையில்லை என்றிருந்தது.

"அந்த மனுவுல இன்னா எழுதுனீங்க? படிங்க."

நகலை எடுத்துப் படித்தேன்.

"இதுல மேஸ்திரியே இல்லியேங்க. டிரைவரும் இல்ல. அவுரா ஏறி, அவுரா வுழுந்து, அவுரா செத்த மாரி கீது."

மறுபடி எழுதினேன், இந்த முறை அவள் வாயிலிருந்து வந்தபடியே. ஏற்றினான், எடுத்தான், போட்டான், தட்டிவிட்டான். பேனா நிற்கவில்லை. முதல் முறை அவள் சொன்னபோது காதில் மட்டுமே விழுந்த காட்சி இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. முந்தைய மனு ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்பார்களே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'முந்தைய மனுவில் கவனக்குறைவால் பிழை நேர்ந்துவிட்டது.' எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

"யாரு கவனக்கொறைவு?" என்றாள். "தானா நேந்துடுச்சா?"

உண்மையை எழுதினால் நாளைக்கு என்னிடம் யார் வருவார்கள் என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. வரியை அடித்தேன். 'இவர் சொன்னதை நான் மாற்றி எழுதினேன். படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கினேன்' என்று எழுதி, பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அதற்கும் பதில் வந்தது. முதல் மனுவிலேயே இறப்பின் காரணம் தெளிவாக இருப்பதால் இம்மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இரண்டே வரி. அவள் அதை என்னிடம் கொண்டுவந்தாள். நான் படித்து முடிக்கும்வரை நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"மேஸ்திரி கொன்னான். நீங்க பொதச்சீங்க."

சொல்லிவிட்டு வெள்ளிமலை பஸ்ஸுக்கு நடந்தாள்.