மோட்டர்வேயில் நின்றுபோன சத்தம்

வண்டியில் சத்தம் வந்தால் எனக்குப் பெரிதாகப் பயம் வராது. வந்துகொண்டிருந்த சத்தம் காரணம் தெரியாமல் நின்றுவிட்டால்தான் பயம். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஒக்டோபரில் பிடித்த பயம் அது. கராஜ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

அப்போது நான் நியூசிலாந்தில், மனுரேவாவில் ஒரு சின்னக் கராஜில் மெக்கானிக். யாழ்ப்பாணத்தான் ஒருவன் அங்கே இருக்கிறான் என்று கேள்விப்பட்டுத் தமிழ்நாட்டு ஆட்களும் வண்டியைக் கொண்டுவருவார்கள். கல்பனா அப்படி வந்தவர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று காலை முன் இடப்பக்கம் டொக் டொக்கென்று சத்தம் கேட்கிறது என்று வந்து நின்றார். பின்சீட்டில் இரண்டு வயது மகள் நித்திரை. பிள்ளையை டேகேரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டிய அவசரம் அவருக்கு. காரைத் தூக்கிப் பார்க்கிற எங்கள் இரண்டு ஹொய்ஸ்டிலும் வேறு கார்கள் ஏறியிருந்தன. ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வா என்றார் முதலாளி கிரஹாம். நான் காதுகொடுத்துக் கேட்பதற்காகக் கல்பனாவையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் ஏறினேன்.

தெருவில் திரும்பும்போதெல்லாம் என் காலுக்குக் கீழே டொக் டொக். முன்சக்கரத்தைச் சுழற்றுகிற சிவி ஜாயிண்ட் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். கல்பனாவுக்கு வேறு சந்தேகம். முந்தின நாள் ஆயுத பூஜைக்குச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்களாம், அது எங்காவது மாட்டிக்கொண்டதோ என்று கேட்டார். எலுமிச்சம்பழம் இப்படித் தட்டாது என்று சிரித்தேன். வேகத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க மோட்டர்வேயில் ஏறி அடுத்த எக்ஸிட்டில் இறங்கச் சொன்னேன்.

ஏறி நேராக ஓடும்போதும் சத்தம் விடவில்லை. அப்போதுதான், பேச்சோடு பேச்சாக, அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். கணவர் செந்தில் குளிர்காலத்தில் வேலையாக அடிக்கடி மலைப்பக்கம் போகிறவர். அதற்கென்று பனி டயர் போட்ட தனிச் சக்கரங்கள் வைத்திருந்தார். குளிர் முடிந்ததென்று சனிக்கிழமை சாயங்காலம்தான் அவற்றைக் கழற்றிப் பழைய சக்கரங்களைத் தானே மாட்டினாராம்.

அவர் சொல்லி முடிக்கவும் சத்தம் நின்றது.

"பாத்தீங்களாண்ணா, பூஜை போட்டது வீண் போகல. தானா சரியாயிடுச்சு," என்றார் கல்பனா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தளர்ந்த சக்கரம் மெதுவாகப் போகும்போது தட்டும். வேகம் பிடித்தால் சில நேரம் அடங்கிப்போகும். அடங்கியபின் அது எப்போது கழன்று போகும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டியரிங் லேசாக நடுங்குவதைப் பார்த்தேன். பின்னால் ஒரு டிரக் நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பிள்ளையைப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. மனதுக்குள் அந்தோனியாரைக் கூப்பிட்டேன். குரல் நடுங்கினால் கல்பனா பதறிப் பிரேக்கை மிதித்துவிடுவார் என்று மெதுவாகச் சொன்னேன்.

"தங்கச்சி, பிரேக்கை அமத்தாதேங்கோ. காலை மட்டும் எடுங்கோ. அப்பிடியே இடப்பக்கம் ஒதுங்குவம்."

என் முகத்தைப் பார்த்தவர் சொன்னபடியே காலை எடுத்தார். வேகம் குறையக் குறைய சத்தம் திரும்பி வந்தது, முன்னைவிடப் பலமாக. மோட்டர்வே ஓரத்தில் கார் நின்றது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போய் நிற்கும்படி சொல்லிவிட்டு, குங்குமப் பொட்டு வைத்திருந்த வீல் கப்பைக் கழற்றினேன். ஐந்து நட்டில் ஒன்றைக் காணவில்லை. மற்ற நான்கும் விரலால் திருப்பவே சுற்றின. டிக்கியைத் திறந்தால் ஜாக் இருக்கிறது, வீல் ஸ்பானர் இல்லை.

கல்பனாதான் சொன்னார். செந்தில் ஜாக்கில் வைத்து நட்டுகளை ஒப்புக்கு முடுக்கியிருக்கிறார். இறக்கியபின் நன்றாக இறுக்கலாம் என்று நினைத்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு காலை பூஜை. ஸ்பானரைக் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டார்கள்.

"பூஜையில வச்சத எடுக்கக் கூடாதுல்லண்ணா. இன்னைக்கு சாயங்காலம் வந்து எடுத்து டைட் பண்றேன்னாரு."

பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் செந்தில்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் சாயங்காலம் செய்யலாம் என்று தள்ளிப்போடாதவர் யார்?

எங்களைக் கண்டு, யூட் என்கிற சின்ன லொறியில் வந்த ஒருவர் நிறுத்தித் தன் ஸ்பானரைத் தந்தார். நான்கு நட்டையும் மற்றச் சக்கரங்களின் நட்டுகளையும் இறுக்கி, ஓரமாக ஊர்ந்து கராஜுக்கு வந்து சேர்ந்தோம். அன்று முதல் எந்தச் சத்தத்தோடு யார் வந்தாலும், கடைசியாக இந்த வண்டியில் யார் கைவைத்தது என்பதுதான் என் முதல் கேள்வி. அதைக் கேட்காமல் சாவியை வாங்காதீர்கள்.

அடுத்த ஒக்டோபரில் கல்பனா வந்து டிக்கியைத் திறந்து காட்டினார். ஜாக்குக்குப் பக்கத்தில் வீல் ஸ்பானர், சந்தனப் பொட்டு இன்னும் காயவில்லை.

"இனிமே இதுக்கு டிக்கியிலயே பூஜைண்ணா."

நல்லது என்று சொல்லி, அதை எடுத்து நான்கு சக்கரத்தையும் ஒருதரம் இறுக்கிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. பிள்ளை பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு தரமும் இறுக்கிப் பார்த்தேன்.