பத்தர் செய்த வலக்கால்

என் இடது பாதம் பிறக்கும்போதே திரும்பியிருந்தது. உள்ளங்கால் நிலத்தைப் பார்க்காமல் மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று வயதில் ஒரு தடவை, ஆறு வயதில் ஒரு தடவை என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் அதை வெட்டித் திருத்தினார்கள். நான் சொல்லப்போவது மூன்றாவது தடவைக்குச் சற்று முன்னால் நடந்தது. அப்போது எனக்கு ஏழு வயது.

எங்கள் வீடு நீர்வேலியில். அப்பா வாழைத் தோட்டக்காரர். வீட்டில் ஒவ்வொருவரும் என் காலுக்காக ஒவ்வொரு கடவுளிடம் ஏதாவது நேர்ந்து வைத்திருந்தார்கள். நான் பாதத்தை நிலத்தில் முழுதாக ஊன்றி நடக்கும் வரை தாடி எடுப்பதில்லை என்று அப்பா எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தார். முதல் ஒப்பரேஷன் முடிந்ததும் எல்லாம் சரி என்று நம்பித் தாடியை எடுத்தார். ஆறு மாதத்தில் பாதம் பழையபடி திரும்பியது. தாடியும் திரும்பி வந்தது. அம்மாவின் தம்பியான மாமா, முருகன் கோயில் திருவிழாவில் வெயிலுக்குள் வீதி முழுவதும் உருண்டு பிரதட்டை செய்துவிட்டு, முதுகெல்லாம் உரசுப்பட்டு ஒரு கிழமை குப்புறக் கிடந்தார். பெரியம்மா மரக்கறி தவிர வேறொன்றும் தொடாத சைவக்காரி. அவர்கூட ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்.

என் காலை எந்தக் கடவுள் திருத்தப்போகிறார் என்பதில் வீட்டில் ஒரு போட்டியே இருந்தது.

“பிள்ளையார்தான் எல்லாத்துக்கும் முதல். அவரைத் தாண்டி ஒண்டும் நடவாது,” என்பார் அப்பா.

“நடக்கிறதெண்டால் முதலிலை அவர் இருந்த இடத்தை விட்டு எழும்ப வேணுமே, அத்தான்,” என்பார் மாமா.

அம்மா மட்டும் கனகாலம் ஒன்றும் நேரவில்லை. இரண்டாவது ஒப்பரேஷன் முடிந்து, முழங்கால் வரை வெள்ளைக் கட்டோடு என்னை வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமைதான், அம்மன் கோயிலுக்கு வெள்ளியில் ஒரு பாதம் செய்து போடப்போகிறேன் என்றார். கண்ணில் வருத்தம் என்றால் கண், கையில் என்றால் கை என்று வெள்ளித் தகட்டில் செய்து கோயிலுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நகை செய்யும் பத்தர் வீட்டுக்கு அம்மா தானே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

நாலைந்து நாளில் வெள்ளிப் பாதம் வெற்றிலையில் சுற்றப்பட்டு வீட்டுக்கு வந்தது. என் விரலளவு நீளம். ஐந்து விரல்களும் இருந்தன, விரல்களில் நகமும் இருந்தது. அம்மா அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் தட்டத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போன நேரம், நான் கட்டுக் காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்து போய் எடுத்துப் பார்த்தேன். கட்டுக்குள் இருந்து என் இடது காலின் விரல் நுனிகள் மட்டும் எட்டிப் பார்த்தன. பக்கத்தில் வைத்தால், என் பெருவிரல் இருந்த பக்கத்தில் வெள்ளியில் சின்னவிரல் இருந்தது. மற்றக் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

அது வலக்கால்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளை நான். பெரியவர்களிடம் பிழை சொல்ல வாய் வரவில்லை. சாமி எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்ப்பதால் மாற்றித்தான் செய்ய வேண்டுமோ என்றும் யோசித்தேன். வெள்ளிக்கிழமை அம்மா என்னை இடுப்பில் சுமந்துகொண்டு போய் அதைக் கோயிலில் ஐயரிடம் கொடுத்தார். ஐயர் அதை ஒரு கம்பியில் கோத்து, ஏற்கனவே தொங்கிய கண்கள், கைகளோடு தொங்கவிட்டார்.

காலில் போட்டிருந்த கட்டை வெட்டி எடுத்தபோது பாதம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் நிலத்தில் படவில்லை. நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் வெட்ட வேண்டும் என்றார் டொக்டர். அதிலும் சரிவராவிட்டால் அதற்கு மேல் வெட்டிப் பிரயோசனம் இல்லை என்றும் சொன்னார். அன்று என்னைக் கூட்டிக்கொண்டு போனது அப்பா. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் தாடியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தியில் நிறுத்தியிருந்த சைக்கிளில் என்னைத் தூக்கி வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்பா, அம்மா போட்டது வலக்கால்.”

“என்ன வலக்கால்?”

“அம்மனுக்குப் போட்ட கால்.”

அப்பா வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிள் நேரே கோயிலுக்குப் போனது. ஐயர் கம்பியை இறக்கிக் காட்டினார். அப்பா தன் வெறுங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக் குனிந்து, வெள்ளியையும் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்பாளுக்கு எந்தக் காலெண்டாலும் ஒண்டுதான், தம்பி,” என்றார் ஐயர்.

“டொக்டருக்கு ஒண்டில்லையே, ஐயா.”

அங்கிருந்து பத்தர் வீடு. அவர் நெருப்புச் சட்டிக்கு முன்னால் ஊதுகுழலோடு இருந்தார்.

“பத்தர், உமக்கு இடமும் வலமும் தெரியாதோ?”

பத்தர் குழலைக் கீழே வைத்தார். “ஏன் தம்பி?”

“பிள்ளைக்குப் பிழைச்சது இடக்கால். நீர் செய்து தந்தது வலக்கால். அம்மன் சுகமான காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. பிழைச்ச கால் அப்பிடியே கிடக்குது.”

“தகடுதானே தம்பி. மற்றப் பக்கம் திருப்பினால் இடக்கால்.”

“அப்ப நகமென்ன உள்ளங்காலிலையோ முளைக்கிறது?”

பத்தருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டார். என்னை ஒரு தரம் பார்த்தார், அப்பாவின் தாடியை ஒரு தரம் பார்த்தார்.

“பிழை என்னிலைதான். கோவிக்க வேண்டாம், தம்பி. நாளைக்கே இடக்கால் செய்து தாறன்.”

சண்டைக்கு ஆயத்தமாக வந்த அப்பாவுக்கு அவர் இவ்வளவு கெதியாக ஒப்புக்கொண்டது திருப்தியாக இல்லை. “ஒரு பிள்ளையின்ரை கால் இது. காப்பு மாதிரி எந்தப் பக்கத்திலையும் போடலாமோ?” என்று இன்னும் கொஞ்ச நேரம் ஏசினார். பத்தர் தலையைக் குனிந்தபடி, “ஓம் தம்பி, ஓம்,” என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் கால் ஏன் சரிவரவில்லை என்று டொக்டராலும் சொல்ல முடியாததை நான் அல்லவா கண்டுபிடித்தேன்.

வீட்டில் அம்மா மரவள்ளிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அம்மா வெட்டுவதை நிறுத்திவிட்டு, “அந்த மனிசனை ஏசினனீங்களோ?” என்று மட்டும் கேட்டார்.

“ஏசாமல், கும்பிட்டிட்டு வரச் சொல்லுறியோ?”

அம்மா மறுபடி வெட்டத் தொடங்கினார்.

அடுத்த நாள் இடக்கால் வந்தது. அதுவும் கம்பியில் ஏறியது. அன்று பின்னேரம் அம்மா நல்ல இதரை வாழைப்பழமாகப் பார்த்து இரண்டு சீப்பு எடுத்து, மாமாவிடம் கொடுத்துப் பத்தர் வீட்டுக்கு அனுப்பினார். பிழை விட்டவருக்கு வாழைப்பழம், பிழையைக் கண்டுபிடித்த எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவோடு அன்று முழுவதும் நான் கோபம்.

வெட்டுவதும் கட்டுவதுமாக இருந்ததில் என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. வளர்ந்த பிறகு சந்தையில் மரக்கறி நிறுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனேன். விடியக்காலை தொடங்கி மத்தியானம் வரை நிற்க வேண்டிய வேலை. இப்போதும் அதுதான்.

என் கலியாணத்துக்குப் பொன்னுருக்க வந்ததும் அதே பத்தர்தான். தாலிக்குப் பொன்னை உருக்கி முடித்து, எல்லோரும் சாப்பிட எழும்பிய நேரம் என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

“கால் எப்பிடி, தம்பி?”

“பறவாயில்லை. நடப்பன். குதி மட்டும் இன்னும் நிலத்திலை படாது.”

“மற்றக் கால்?”

அதுவரை ஒருவரும் என்னிடம் மற்றக் காலைப் பற்றிக் கேட்டதில்லை. “அதுக்கென்ன, அதுக்கு ஒரு குறையும் இல்லை,” என்றேன்.

பத்தர், அப்பா எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். தாடி இல்லாத அப்பாவை நான் பார்த்தது முதல் ஒப்பரேஷனுக்குப் பிறகு வந்த அந்த ஆறு மாதத்தில் மட்டும்தான், அதுவும் எனக்கு நினைவில்லை.

“வலக்கால்தான் வேணுமெண்டு கொம்மா ரண்டு தரம் சொல்லிச் செய்விச்சவ,” என்றார் பத்தர். “‘எத்தினை தரம் வெட்டினாலும் இடக்கால் முழுக்கச் சரிவராது எண்டு டொக்டர் எனக்குச் சொல்லிப்போட்டார். இவன்ரை பாரம் சீவியம் முழுக்க மற்றக் காலிலைதான் நிக்கப்போகுது. அந்தக் காலுக்கு ஒருத்தரும் நேரேல்லை’ எண்டு சொன்னவ. கொப்பருக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் கேட்டவ. அந்த மனிசன் தாடியோடை வந்து நிக்கேக்கை நான் எப்பிடிச் சொல்லுறது?”

இதைப் பற்றி நான் அம்மாவிடம் கேட்கவில்லை. அப்படியான கதைகள் கேட்கிற பழக்கம் எங்களுக்குள் இல்லை. கூச்சம்தான். இனிக் கேட்கவும் முடியாது, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் பத்தர் சொன்ன அன்று, மூன்றாவது ஒப்பரேஷன் நடந்த நாள் எனக்கு நினைவுக்கு வந்தது.

அன்று அப்பா மூன்று கோயில் திருநீற்றையும் ஒன்றாகக் கலந்து கொண்டுவந்து என் இடது பாதத்தில் பூசினார். தாதி வந்து ஈரத் துணியால் துடைத்தார்.

“காலிலை ஒண்டும் பூசக் கூடாது, ஐயா. கிருமி வந்திடும்.”

“கிருமி வராமல் இருக்கத்தான், பிள்ளை, பூசினனான்.”

தாதி அந்தப் பக்கம் திரும்பியதும் அப்பா இன்னும் ஒரு தரம் பூசினார். பிறகு என்னைச் சில்லு வைத்த கட்டிலில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா வாசலில் நின்றுவிட்டார். அம்மா கட்டிலோடு கூடவே நடந்து வந்தார். போர்வைக்குள் கையை விட்டு என் காலைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பிடித்திருந்தது என் வலது காலை.

“அம்மா, அது இல்லை. மற்றக் கால்,” என்றேன்.

“தெரியும், மோனை,” என்றார். கையை எடுக்கவில்லை. கதவு வரைக்கும் அந்தக் காலையே இறுக்கிப் பிடித்தபடி வந்தார்.

தெரியும் என்று சும்மா சொல்கிறார், பத்தரைப் போல அம்மாவுக்கும் இடம் வலம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். நல்ல காலம், அப்பாவாவது சரியான காலில் திருநீறு பூசினாரே என்ற தைரியத்தில் உள்ளே போனேன்.