இலந்தைப்பழமும் ஆராய்ச்சி நிதியும்

சொன்னால் சிரிப்பீர்கள். கொல்கத்தாவில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்கூட சரஸ்வதி பூஜை முடியும்வரை இலந்தைப்பழத்தைத் தொடமாட்டார்கள். தொட்டால் பரீட்சையில் தோற்றுப்போவார்களாம். இது தெரியாமல் சங்கரன்கோவில்காரியான நான், லேக் மார்க்கெட்டில் ஒரு பை இலந்தை வாங்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றுகொண்டே ஆய்வகத்தில் நிதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை சுப்ரியாதி, அதாவது சுப்ரியா அக்கா, அலறினார். "ஏ கீ! பூஜோர் ஆகே கூல் காச்சோ?" பூஜைக்கு முன்னால் இலந்தை தின்கிறாயா என்று அர்த்தம். நிலத்தடி நீரில் ஆர்சனிக்கை அளந்தே தலை நரைத்தவர் அவர். எங்கள் சரஸ்வதி பூஜை நவராத்திரியோடு முடிந்துவிட்டது என்றேன். அது துர்க்கை பூஜையல்லவா, உங்களுக்கு மட்டும் தனி சரஸ்வதியா என்று கேட்டார். அவர்களுக்குச் சரஸ்வதி பூஜை பொங்கல் கழிந்து, வசந்த பஞ்சமியன்றுதான் வருமாம். உன் நிதி போச்சு கோமதி என்று சொல்லி, பையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

நிதி போனால் நானும் போகவேண்டியதுதான். மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அம்மா போன் செய்யும்போதெல்லாம், "அங்க கெடந்து எதுக்குச் சீரழியுத? இங்க காலேஜ்ல எடம் காலியா இருக்காம். வந்துரு" என்பாள். எனக்கு மனம் வரவில்லை. வருடக்கணக்கில் ஊர் ஊராக அடிபம்புத் தண்ணீர் பிடித்துச் சேர்த்த வேலையைப் பாதியில் விடுவதை நினைத்தாலே வயிறு எரிந்தது. ஆனால் விண்ணப்பம் எழுதுவது, பிள்ளை பிறக்குமுன் பெயர் வைக்கிற கதை. என்ன கண்டுபிடிப்பாய் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். தெரிந்தால் எதற்கு ஆராய்ச்சி? மூன்றாம் ஆண்டில் எந்த மாதம் என்ன செய்வாய் என்று கட்டம் போட்டுக் காட்டவேண்டும். எங்கள் துறைக்கு ஏசி ரிப்பேர்காரர் எந்த மாதம் வருவார் என்றே எவருக்கும் தெரியாது. நானும் கூசாமல் கட்டம் போட்டேன்.

எல்லாம் முடிந்து, துறைத் தலைவரின் கையெழுத்து மட்டும் பாக்கி. வியாழக்கிழமை வா என்றிருந்தார். அன்றுதான் கடைசி நாள். போனால் துறையே மஞ்சள் உடையில், பிரசாதக் கிச்சுடி மணக்க மணக்க நிற்கிறது. சரஸ்வதி பூஜை! சந்தாகூடக் கொடுத்திருந்தேன். நம்முடையதுதான் முடிந்துவிட்டதே என்ற மிதப்பில் தேதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். தலைவரின் பேனா உட்பட எல்லாப் பேனாக்களும் சரஸ்வதியின் காலடியில் கிடந்தன. "ஆஜ் கொலோம் தொரா பாரோன்" என்றார் தலைவர். இன்று பேனா பிடிக்கக்கூடாதாம். மாலைக்குள் அனுப்பவேண்டுமே என்றேன். நாளைக்கு முதல் கையெழுத்து உனக்குத்தான் என்று பெரிய மனது பண்ணினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தனி சரஸ்வதியா என்று கேட்ட அதே சுப்ரியாதி, கையில் அஞ்சலிப் பூவோடு தலைவர் முன்னால் போய் நின்றார். கோமதியின் சரஸ்வதி வேறு, அவள் பேனாவுக்கு நவராத்திரியிலேயே பூஜை ஆகிவிட்டது, அதனால் அந்தப் பேனாவுக்கு இன்று தடை இல்லை என்று வாதாடினார். பேனாவுக்கு இல்லை, என் கைக்கு உண்டே என்றார் தலைவர். கையா எழுதுகிறது, பேனாதானே என்றார் சுப்ரியாதி. கூட்டம் கூடி ஆளுக்கொரு கட்சி பேசியது. வங்காளிகளுக்கு விவாதம் கிடைத்துவிட்டால் கிச்சுடி ஆறினாலும் கவலையில்லை. கடைசியில் தலைவர், சரஸ்வதியின் பார்வையில் படாமல் தூணுக்குப் பின்னால் போய், என் பேனாவால் கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டுத்தான் பிரசாதத்துக்கு உட்கார்ந்தேன். அதில் இலந்தைச் சட்னியும் இருந்தது.

நிதி கிடைத்தது. கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டேன். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா ஒரு கிண்ணம் நிறைய இலந்தைப்பழத்தை முன்னால் வைத்தாள். நாக்கில் எச்சில் ஊறியது. கை மட்டும் நீளவில்லை.

"சரஸ்வதி பூசை முடியட்டும்மா."

"ஏட்டி, அது முடிஞ்சு மூணு மாசம் ஆச்சுல்லா?"

ஆயிற்றுதான். ஒரு பழத்தை எடுத்து, வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.