எவாந்தியாவுக்கு நல்வரவு

"நீங்க கேட்ட நீலம் கடல்லயும் இல்ல, என் கடையிலயும் இல்ல. வேணும்னா பச்சை. வேண்டாம்னா வெயில்ல காயுங்க. அனுப்பியாச்சு!"

காலையில் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும்போது எவாந்தியா ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லிக்கொண்டேதான் தட்டுவாள். தட்டுவதும் சாதாரணத் தட்டு அல்ல; ஆணி அடிப்பதுபோல. கவாலா துறைமுகத்தில் வலை உதறுகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அடுத்த கடையில் சாவி வெட்டுகிற எனக்குத் தனியாகச் சொல்லவே வேண்டாம். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்.

படகுகளுக்கு உறையும், கடை வாசல்களுக்கு வெயில் மறைப்பும் தைக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது. தடித்த துணியை இழுத்து இழுத்து முன்கை இரண்டும் மரக்கட்டை போல ஆகிவிட்டன. மூக்குக் கண்ணாடியைப் படகுப் பாய் தைக்கும் மெழுகு நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டும் தெளிவாகத் திட்ட அவளால் முடியும். யாருக்கும் காலை வணக்கம் சொல்ல மாட்டாள். "இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்பாள். அதுதான் வணக்கம்.

வந்த மின்னஞ்சல் எதையும் அவள் அழித்ததில்லை. எல்லாவற்றையும் பெயரிட்டுப் பிரித்து வைத்திருப்பாள். நகராட்சியிலிருந்து வருபவை 'கழுதைகள்'. துணி விற்கும் கம்பெனிகள் 'பொய்யர்கள்'. தேவாலயக் குழுவுக்கு 'மணி அடிப்பவர்கள்'. கடிதத்தின் அடியில் தானாக விழும் அவளுடைய கையொப்பம்: 'அவசரத்தில், எவாந்தியா.' அவளுக்கு அவசரமே இருக்காது.

படகுத்துறையில் திரியும் நாய்களுக்குச் சோறு வைப்பது அவள்தான். போன இலையுதிர் காலத்தில் யாரோ இறைச்சி உருண்டையில் விஷம் வைத்தார்கள். விடிந்தபோது அந்த நாய்கள் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே கிடந்தன. எவாந்தியா ஒவ்வொன்றையும் படகுத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தாள். அன்று முழுக்க அவள் கடையில் சத்தமே இல்லை. அடுத்த வாரம் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கரையோர உணவகத்துக்காரன் ஸ்தேர்யோஸ், குடித்துவிட்டுத் தன் உணவகத்தின் முகவரியிலிருந்தே அனுப்பியிருந்தான். 'உருண்டை ருசியாக இருந்ததாமா உன் பிள்ளைகளுக்கு? அடுத்தது உனக்கு.'

அதை அச்செடுத்துப் போலீசில் கொடுத்தாள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஸ்தேர்யோசின் வக்கீல் அந்தத் தாளை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, "இந்த மாதிரி தாளை யார் வேணும்னாலும் தட்டி எடுக்கலாமே?" என்று கேட்டான். மூலக் கடிதம் கணினியில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொண்டுவரச் சொல்லி, நீதிபதி விசாரணையை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்தாள்.

வியாழக்கிழமை காலை சுவருக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கத்தல். சாவியை அப்படியே இடுக்கியில் விட்டுவிட்டு ஓடினேன்.

திரையில் அலகில் உறையைக் கவ்விய ஒரு பறவை. அதன் கீழே: 'நல்வரவு! உங்கள் முதல் கணக்கைத் தொடங்குவோமா?' மின்னஞ்சல் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டுவிட்டது. கழுதைகள் இல்லை, பொய்யர்கள் இல்லை. ஒரு கடிதம்கூட இல்லை.

"இத்தனை வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். என்னைப் பார்த்து நல்வரவாம்! யாருடா நீ என்னை வரவேற்க? இது உங்க அப்பன் வீடா?"

கணினி விற்ற கடைக்குப் போன் போட்டாள். பழசை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றான் அந்தப் பையன். "காணாமப்போன புள்ளையத் தேடச் சொன்னா வீட்டை இடிங்கறான்!" என்று போனை மேசையில் அறைந்தாள். அஞ்சல் நிறுவனத்திடம் நகல் இருக்காதா என்று நான் கேட்டேன். இருக்காதாம். கடிதம் இங்கே வந்ததும் அங்கே அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தாள். "என் கடிதம் கண்டவன் வீட்டுல எதுக்குக் கிடக்கணும்னு நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னே?"

அவள் முகம் சிவந்தது. துறைமுக அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ப்ரோத்ரோமோஸ்தான் அதையெல்லாம் அமைத்தவன். அவளுடைய முன்னாள் கணவன். பிரிந்த நாளிலிருந்து எதிர் நடைபாதையில்தான் அவன் நடப்பான்.

"அவனைக் கூப்பிடு," என்றாள் கடைசியில். "நான் கூப்பிட்டதாச் சொல்லாதே."

வந்தவன் வாசலிலேயே நின்றான். "உள்ள வரலாமா?"

"வராம? அங்கிருந்தே மோப்பம் பிடிப்பியா?"

அவன் உட்கார்ந்தான். "எதையாவது அழுத்தினியா, எவா?"

"அந்தப் பறவை மூஞ்சியில ஒரு குத்து விட்டேன்."

"அதனால ஒண்ணும் ஆகாது. எதையும் நீக்கலயே?"

"கடைக்காரன் நீக்கச் சொன்னான். நீயும் சொல்லிப் பாரு, கத்திரிக்கோல் பறக்கும்."

"நல்லவேளை, யார் பேச்சையும் நீ கேக்கறதில்ல," என்றான் அவன்.

பழைய அலமாரியை மென்பொருள் தூக்கி எறியவில்லை, பக்கத்தில் புதிதாகக் காலி அலமாரி ஒன்றைப் போட்டு அதைத் திறந்து காட்டுகிறது, அவ்வளவுதான் என்று விளக்கினான். மறைந்திருந்த இடத்தைத் தேடித் திறந்தான். வாயில் நுழையாத பெயர்களோடு இரண்டு கோப்புறைகள். ஒன்று இன்று காலை பிறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று திமிங்கலம் போலப் பெரிது. அவன் பையிலிருந்து ஒரு சேமிப்பு வட்டை எடுத்துக் கணினியில் செருகி, அதில் நகல் எடுக்க ஆரம்பித்தான்.

"முதல்ல திறந்து காட்டுய்யா!"

"நகல் எடுத்த பிறகுதான்."

"எப்பவும் இதே கதை. வீடு பத்தி எரியும், இவர் வாளியைக் கழுவிக்கிட்டு இருப்பார்!"

"எரிஞ்ச வீட்டுல நான் மட்டும் தனியா இல்லயே," என்றான் அவன், திரையைப் பார்த்தபடி. அவள் ஒரு துணியைத் தூக்கி உதறினாள்.

நகல் முடிந்தது. பழைய கோப்புறையையே திறக்கும்படி மென்பொருளுக்குச் சொன்னான். இடது ஓரத்தில் ஒவ்வொன்றாக வந்து நின்றன: கழுதைகள், பொய்யர்கள், மணி அடிப்பவர்கள். அவற்றுக்குக் கீழே 'ப்ரோத்ரோமோஸ், திறக்காதே' என்று ஒன்று. அவன் கை நின்றது.

"இதுல என்ன இருக்கு?"

"படிக்கத் தெரியாதா? திறக்காதேன்னு போட்டிருக்குல்ல?"

அவன் திறக்கவில்லை. அதற்கடுத்த 'பன்றி'யைத் திறந்தான். ஸ்தேர்யோசின் கடிதத்தை அவள் அதில்தான் வைத்திருந்தாள். உள்ளே வெறுமை.

அவன் கோப்பின் அளவைப் பார்த்தான். "கடிதம் இருக்கு. கடிதங்களோட பட்டியல்தான் கெட்டுப்போச்சு. பட்டியலைத் தூக்கிட்டா அதுவே புதுசா எழுதிக்கும்."

"தூக்குறதா?" எவாந்தியா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியதில் அவன் விரல்கள் வெளுத்தன. "இது போச்சுன்னா நாளைக்கு அவன் சிரிச்சுக்கிட்டே வெளிய வருவான். புரியுதா? நாய்ங்க செத்துக் கிடந்த அந்தக் கயிறுங்க மேலயே நடந்து போவான்."

"நகல் இருக்கு, எவா."

மெல்ல விட்டாள். அவன் அழுத்தினான். மென்பொருளை மூடித் திறந்தான். ஒரு வரி. இன்னொரு வரி. பிறகு ஸ்தேர்யோசின் பெயர். எவாந்தியா கண்ணாடியை மாட்டி, தெரு முழுக்கக் கேட்கும்படி அந்தக் கடிதத்தைப் படித்தாள், நாள் நேரம் உட்பட. அதன் பிறகு, புதுக் கடிதங்களும் வந்து சேர, ப்ரோத்ரோமோஸ் கடவுச்சொல்லைக் கேட்டான். அவள் அவனை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுத் தானே தட்டினாள். கையொப்பம்கூட இருந்த இடத்திலேயே இருந்தது. இனிமேல் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாதபடி அதைப் பூட்டி வைத்துவிட்டு அவன் எழுந்தான். அவள் நன்றி சொல்லவில்லை. "நாளைக்குக் கோர்ட்டுக்கு இந்தக் கணினிப் பெட்டியை யார் தூக்குறது?" என்றாள்.

அவன்தான் தூக்கினான். நீதிமன்றத்தில் நிபுணர் ஒருவர் கடிதத்தின் தலையில் அது வந்த வழியைக் குறித்திருந்த நீண்ட வரிகளைப் படித்து, அது புறப்பட்ட இடம் ஸ்தேர்யோசின் உணவகம்தான் என்றார். குற்றவாளி என்றாள் நீதிபதி. அபராதமும் சிறைத் தண்டனையும் விதித்தாள். ஆனால் சிறை நிறுத்திவைப்பில். இனியொரு தப்பு செய்தால்தான் உள்ளே போக வேண்டும்.

எவாந்தியா எழுந்துவிட்டாள். "செத்ததுங்க மண்ணுக்குள்ள, கொன்னவன் வீட்டுக்குள்ளயா? அடுத்த தடவைன்னா என்னம்மா அர்த்தம்? அடுத்த தடவை யாரைப் புதைக்கச் சொல்றே?" காவலர் அவள் தோளைத் தொட்டார். படிக்கட்டு முழுக்க அவள் குரல் இறங்கி வந்தது.

வெளியே கொளுத்தும் வெயில். ஸ்தேர்யோசின் சரக்கு வண்டி நிழலில்லாத இடத்தில் நின்றது. அதன் பின்புறம் இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் அவனுடைய வேட்டை நாய், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"போலாமா?" என்றான் ப்ரோத்ரோமோஸ், பெட்டியை மார்போடு அணைத்தபடி.

எவாந்தியா கையிலிருந்த குளிர்ந்த காப்பியைத் தரையில் ஊற்றினாள். குழாயடிக்குப் போய்க் கோப்பையை அலசி நீர் நிரப்பிக்கொண்டு வந்து, கம்பிகளுக்கிடையே கையை நுழைத்தாள். ஸ்தேர்யோஸ் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பவில்லை. வாய் அவனையும் அவன் வக்கீலையும் நீதிபதியையும் விடாமல் திட்டிக்கொண்டிருந்தது. நாய் குடித்து முடிக்கும்வரை கோப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நின்றாள்.