மரைக்கு வாங்கிய துவக்கு

போர் முடிந்து பெரியமடுவில் மீளக் குடியேறி, நான் விதைத்த முதல் வயலை மரைமான்கள் மேய்ந்து நாசமாக்கின. ஆத்திரத்தோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து, பயிர்க்காவலுக்கென்று அனுமதி எடுத்துத் துவக்குக் கடைக்குப் போனேன்.

"வெருட்டத்தான் எண்டால் சின்னச் சன்னத் தோட்டா போதும்," என்றார் கடைக்காரர்.

"வெருட்ட இல்லை, விழுத்த வேணும். இருக்கிறதிலேயே பெரிசைத் தாங்கோ," என்று பாய்ந்தேன். இரட்டைக்குழல் துவக்கும் ஒற்றைக் குண்டுத் தோட்டாக்களும் வாங்கி வந்தேன்.

மறுநாள் விடியற்காலை ஒரே வெடி. பெரிய கொம்பன் மரை வரப்பில் விழுந்தது. இறைச்சியில் பங்கு கொடுக்கலாமென்று, அடுத்த வயலில் மகளோடு களை பிடுங்கிக்கொண்டிருந்த கமலாக்காவைக் கூப்பிட்டேன். வயலில் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால், வாய்க்கால் சேற்றுக்குள் மகளைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தார்.

"நான்தான் அக்கா, மரைக்கு வெடி வைச்சனான்," என்றேன்.

எழும்பியவர் கையில் இருந்த சேற்றை என் முகத்தில் எறிந்தார். "சுடமுன்னம் ஒரு சொல்லுச் சொல்ல உமக்கு வாய் இல்லையோ? உம்மட இறைச்சியை நீரே தின்னும்!"

இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அன்று சுட்டது வேறு யாராவதாக இருந்திருந்தால், வெடிச்சத்தம் கேட்டு நானும் அந்த வாய்க்காலுக்குள்தான் குப்புறக் கிடந்திருப்பேன்.