துண்டின் பின்பக்கம்

ஒவ்வொரு பயிற்சி வகுப்புக்கு முன்னும் என்னைப் பற்றி ஒரு குறிப்பு வாசிக்கிறார்கள். உளவளத்துணை படிக்க வந்த ஆசிரியர்களும் தாதிமாரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இன்ன பட்டம், இன்ன டிப்ளோமா, இத்தனை வருடம் நோயாளிகளோடு வேலை, இத்தனை வருடம் கற்பித்தல், இப்போது தொழில் நெறிப் பாடத்துக்குப் பொறுப்பு. நான் மேசையில் இருக்கும் தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தலையில் கரண்டு வைக்கும்போது நோயாளிகளின் காலைப் பிடித்துக்கொள்வது. அதை எழுதவில்லை. இரண்டாவது வேலையில் என்னால் ஒரு பெண்ணின் மூன்று விரல்கள் போயின. அதையும் எழுதவில்லை.

ஊவா மாகாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் இன்று அங்கே வேலை செய்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வாப்பாவுக்குப் பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை. எனக்கு வியாபாரம் சரிவரவில்லை. துணியைத் தாராளமாக அளந்து கொடுக்கிறேன் என்று ஒரு நாள் வாப்பா அளவுகோலாலேயே முதுகில் போட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, கடை நிறையச் சனம். அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் சிற்றூழியனாகச் சேர்ந்துவிட்டேன்.

தமிழோடு சிங்களமும் எனக்குக் கடையில் நின்றே வந்துவிட்டது. அதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி. மனநோய்ப் பிரிவுக்கு மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வருவார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர், பெயருக்குப் பின்னால் நாலைந்து எழுத்துகள். தமிழ் ஒரு சொல் தெரியாது. வருகிற நோயாளிகளில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்துச் சனம், அவர்களுக்குச் சிங்களம் வராது. ஆகவே காலைப் பிடித்துக்கொண்டிருந்த என்னை மொழிபெயர்க்கச் சொல்லி டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

அந்தப் பிரிவில் அடியும் மருந்தோடு சேர்த்திதான். நோயாளிகளைக் கயிற்றால் கட்டி லொறியில் கொண்டுவந்து இறக்குவார்கள். முனி பிடித்திருக்கிறது என்று பூசாரி பிரம்பால் அடித்த தழும்பு முதுகில் இருக்கும். நாங்கள் அதற்கு மேல் அடிப்போம். என்னோடு வேலை செய்த சிங்கள ஊழியர் வீட்டில் ஐந்து பிள்ளைகளைக் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தவர். ஈரத் துவாயை முறுக்கி அடிப்பதில் அவரைப்போல் கெட்டிக்காரர் கிடையாது. ஈரத் துவாய் தழும்பு வைக்காது. கரண்டு வைக்கும்போது மயக்க மருந்தும் கிடையாது, நாலு பேர் அமுக்கிப் பிடிப்போம். ஒரு தடவை ஒரு கிழவரின் முன்பல் உடைந்து என் சட்டையில் தெறித்தது. நானும் அடித்திருக்கிறேன். அப்புத்தளையிலிருந்து வந்த ஒருவன் என் முகத்தில் துப்பினான் என்று, அவன் கீழே விழும்வரை அறைந்தேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். அடித்ததைவிட அந்தச் சாப்பாட்டை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அந்தப் பெண் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தாள். வயது இருபத்தைந்து இருக்கலாம். இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை கணவன் கையில்.

"ரெண்டு மாசமா வாயத் தொறக்கலைங்க," என்றான் அவன். "பெத்த புள்ளையக்கூட பேரு சொல்லிக் கூப்புடுறதில்ல. முனி அடிச்சிருச்சு."

அவள் தலையில் ஓரிடத்தில் கொத்தாக மயிர் போயிருந்தது. காதுக்கு மேல் ஆறிக்கொண்டிருந்த வெட்டு. டொக்டர் கணவனை வெளியே அனுப்பிவிட்டு என் மூலமாகக் கேள்வி கேட்டார். பதில் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. மூன்றாவது மாதம் டொக்டர் என்னிடம், "இன்றைக்கு ஒன்றும் கேட்காதே, சும்மா உட்கார்," என்றார். நான் ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கால் மணித்தியாலம் போயிருக்கும். கடையில் விலை கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகப் பேசினாள்.

"வாயத் தொறந்தா அடி விழுதுங்க ஐயா. ஏன்னாலும் அடி, ஆமான்னாலும் அடி. வெறகுக் கட்டையால. மூடிக்கிட்டா பேய்னு பயந்துக்கிட்டு கொஞ்சம் விட்டுடுறாரு. அதான் மூடிக்கிட்டேன்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயை மூடிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் சொன்னதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்க," என்றாள். "நான் வேணும்னுதான் பேசாம இருக்கேன்னு தெரிஞ்சா வெட்டிப்புடுவாரு."

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன், தங்கச்சி," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

தோட்டத்து நோயாளி ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். தோட்டத்து மருந்துச்சாலை கொடுப்பது. அதன் பின்பக்கத்தில் என்ன நோய், என்ன வேலை கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதி, டொக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளையிடம் அதைக் காட்டினால்தான் லேசான வேலை கிடைக்கும். கணக்கப்பிள்ளைக்காக அந்தப் பின்பக்கத்தை நான் தமிழில் எழுதுவேன்.

"உடல் பலவீனம், ஒரு மாதம் லேசான வேலை என்று எழுது," என்றார் டொக்டர். எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அந்தக் கணவன்மேல் எனக்கு வயிறு எரிந்தது. யாராவது பெரிய மனுசர் இதை அறிந்தால் அவளைக் காப்பாற்றுவார் என்று நம்பினேன். கீழே என் அழகான கையெழுத்தில் சேர்த்தேன்: 'இவருக்குப் பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. கணவன் விறகுக் கட்டையால் அடிப்பதால் வேண்டுமென்றே பேசாமலிருக்கிறார். இவரையும் பிள்ளையையும் வேறு காம்பரா ஒன்றில் தனியே குடிவைத்துப் பாதுகாக்கவும்.' டொக்டர் தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் கையெழுத்துப் போட்டார். நான் எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. வழமையைவிட நீளம் என்பதை மட்டும் கண்டிருப்பாள்.

நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். அங்கே துண்டு என்றால் ஒருவர் எழுதுவார், ஒருவர் வாசித்துவிட்டு மேசை லாச்சியில் போடுவார். தோட்டத்தில் அப்படியில்லை. விடிந்தும் விடியாததுமாய்ப் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடி நிற்கும்போதுதான் அன்றைய வேலையைப் பிரிப்பார்கள். ஒருத்திக்கு லேசான வேலை கொடுத்தால், கணக்கப்பிள்ளை தனக்கு வேண்டியவளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சு வராமலிருக்க, ஆஸ்பத்திரித் துண்டை அத்தனை பேர் காதிலும் விழும்படி உரத்து வாசிப்பார். அந்தத் தோட்டத்துச் சனமே கேட்டு வாங்கிய நியாயம் அது. தோட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தோட்டத்து லொறி வந்தது. கொழுந்துச் சாக்குகளின் மேல் அவளைக் கிடத்தியிருந்தார்கள். சாக்குகள் ஊறிப் போயிருந்தன. கூட வந்தவர் அவளுடைய அண்ணன். அவளை உள்ளே கொண்டுபோன பிறகு என்னிடம்தான் சொன்னார்.

"கணக்கப்புள்ள வாசிச்சுக்கிட்டே போனாருங்க. பாதியில நிறுத்தியிருக்கலாம். வாய் போன போக்குல முழுசையும் வாசிச்சுப்புட்டாரு. ஆம்பளைங்க சிரிச்சாங்க. பொண்டாட்டிக்குப் பயந்து பூச போட்டவன்னு ஒருத்தன் சொன்னான். இது கவ்வாத்து மாசங்க, தேயில வெட்டப் போற எல்லார் கையிலயும் கத்தி. மச்சான் நேரா பொம்பளைங்க வரிசைக்குப் போனாரு."

முதல் வெட்டை அவள் இடது கையால் தடுத்திருக்கிறாள். மூன்று விரல்கள் களத்துச் சரளையில் விழுந்தன. இரண்டாவது வெட்டு காதிலிருந்து தாடைவரை இறங்கியது. மூன்றாவதற்குள் அண்ணன் கத்தியைப் பிடுங்கிவிட்டார். பிறகு களத்தில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும், முதலில் சிரித்தவர்களும் சேர்ந்துதான், அவனை மிதித்துத் தொடை எலும்பை முறித்தார்கள். பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

அண்ணன் மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து என்னிடம் நீட்டினார். கனமில்லாமல் ஈரமாக இருந்தது.

"இத ஒட்டிருவீங்களாங்க?"

ஒட்ட முடியவில்லை. அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடம் அவர் இன்னொன்றும் கேட்டார்.

"அந்தத் துண்டுல யாருங்க எழுதுனது?"

"டொக்டர்," என்றேன்.

அடுத்த மாதம் டொக்டர் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் எழுதியதைச் சிங்களத்தில் சொல்லுக்குச் சொல் சொல்லச் சொன்னார். சொன்னேன். மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்துச் சுவரில் எறிந்தார். என்மேல் எறிந்ததுதான் தவறிப் போயிற்றோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். பிறகு, "கையெழுத்து என்னுடையது," என்று மட்டும் சொன்னார். எங்கள் இருவரையும் யாரும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் தையல் பிரித்துத் தோட்டத்துக்குத் திரும்பியபோது பிள்ளை மாமியாரிடம் இருந்தது. பைத்திய ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவளிடம் பிள்ளையைக் கொடுக்க முடியாது என்று மாமியார் வழக்காடினாள். துண்டில் பைத்தியம் இல்லை என்று எழுதியிருக்கிறதே என்று அண்ணன் காட்டினார். கையெழுத்துப் போட்டவருக்குத் தமிழ் தெரியுமா என்று எதிர்ப்பக்க வக்கீல் கேட்ட ஒரே கேள்வியில் அது வெறும் காகிதமாயிற்று. டொக்டர் அவளை மறுபடி பார்த்து, பிள்ளை வளர்க்கும் நிலையில் இருக்கிறாளா என்று எழுதித் தர வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. அவள் பேசினால் பிள்ளை அவளுக்கு. பேசாவிட்டால் மாமியாருக்கு.

அவள் வந்து உட்கார்ந்தாள். டொக்டர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள். கையில் பேனா இருந்தது. பேனாவைச் சட்டைப்பையில் சொருகிவிட்டு மறுபடி கேட்டேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய அந்த வாயை நான் முதல் மாதத்திலிருந்து அறிவேன். அப்போது அது அவள் கணவனுக்குப் பயந்து மூடியிருந்தது.

"என் முன்னால் பேசமாட்டாள்," என்று டொக்டரிடம் சொன்னேன்.

வார்டு கூட்டுகிற ஒரு பெண் இருந்தாள். தோட்டத்தில் பிறந்தவள், வெலிமடைச் சந்தையில் மரக்கறி விற்றுச் சிங்களம் பழகியவள். அவளைக் கூட்டிவந்து விட்டேன். "உள்ளே கேட்டதை வெளியே யாருக்கும் சொல்லாதே, எனக்கும் சொல்லாதே," என்றேன். "எனக்கு அது தெரியாதாக்கும்," என்று அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள். நான் வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் உள்ளே குரல் எழுந்தது. சொற்கள் தெளிவாகக் கேட்கத் தொடங்கியதும் எழுந்து வெளிக்கதவுவரை நடந்து போய்விட்டேன். ஒருவர் பேசும்போது கேட்காமலிருக்க வேண்டிய இடமும் உண்டு என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

அவள் வெளியே வர ஒரு மணித்தியாலமாயிற்று. டொக்டர் கடிதத்தைக் கூட்டுகிற பெண்ணைக்கொண்டு அவளுக்கு இரண்டு முறை சொல்லவைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடமே கொடுத்தது. அது பிந்தி நடந்தது. அன்றைக்கு, மாமியார் அண்ணனை நம்பி ஒரு நாளைக்கு விட்டிருந்த பிள்ளை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்க எழுதுனது அம்புட்டும் நெசந்தாங்க ஐயா," என்றாள். தழும்பு இழுத்து வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "நான் எழுதச் சொன்னனா?"

அவள் இடது கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள். என் கூட்டாளி ஈரத் துவாயோடு பாய்ந்து வந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். அவள் இன்னொரு தடவை அறைந்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் மிஞ்சிய கையால் அறைந்தால் அறைகிறவளுக்குத்தான் வலிக்கும். அந்தக் கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் அண்ணனிடமிருந்து பிள்ளையை வாங்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினாள். அதனோடு ஓயாமல் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனாள்.

அந்தப் பெயர் என் காதில் விழுந்தது. அதை நான் எழுதமாட்டேன்.