மாதங்கிக்கு நாள் தள்ளினால்

ஒரு நாள் தள்ளிப்போனால் போதும், மாதங்கி மாடிப்படி இறங்கும்போதே அறிவிப்பு தொடங்கிவிடும். முதலில் கீழ்வீட்டில் இருக்கும் நர்ஸான எனக்கு. பிறகு எதிர்வீட்டு அரோரா அம்மாளுக்கு. பால் பூத்காரனுக்கு மட்டும் சுருக்கமாக: "பையா, நான் இங்கே மயங்கி விழுந்தால் கீழ்வீட்டு சிஸ்டர்ஜியைக் கூப்பிடு." இந்தியில்தான் சொல்வாள். ஜனக்புரியில் எங்கள் பிளாக் முழுவதும் அவள் நாள்கணக்கை எண்ணிக்கொண்டு விழிப்பாக இருக்கிறது.

மூன்று மாதம் ஆகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது எல்லார் வீட்டுச் சட்டம். போன முறை மாதங்கி அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். கணவன் சேஷுவைத் தவிர யாருக்கும், டாக்டருக்குக்கூட, சொல்லவில்லை. கரு கருப்பையில் இல்லை, இடது கருக்குழாயில் தங்கியிருந்தது. வலியை வாயு என்று நினைத்துப் பெருங்காய மோரைக் குடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பியவள் பஸ்ஸில் விழுந்தாள். குழாய் வெடித்திருந்தது. வெட்டி எடுத்தார்கள்.

"புளூலைன் பஸ்ல எனக்கு சீட் கிடைச்சது அன்னிக்கு மட்டும்தான் மாமி. மூணு சீட்! மகாராணி மாதிரி படுத்துண்டு போனேன்."

இப்போது மிச்சம் இருக்கும் ஒரு குழாயை நம்பி மறுபடியும் முயற்சி. முன்பு அப்படி ஆனவர்களில் பத்தில் ஒருவருக்குத் திரும்பவும் ஆகலாம் என்று சொல்லிவைத்தேன். ஒன்பது பேருக்கு ஆகாது என்ற ஆறுதலாகத்தான்.

"பஸ்ல பத்து பேர் நின்னாலும் பிக்பாக்கெட் என் பையைத்தானே கிழிக்கறான்?" என்றாள்.

உள்ளே ரத்தம் கசிந்தால் தோள்பட்டை வலிக்கும் என்று சொன்னதும் நான்தான். புத்திகெட்ட வேலை. அதிலிருந்து வாரம் தவறாமல் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் அவள் பையை வாங்கிப் பார்த்தேன். டிபன் பாக்ஸ், குடை, தண்ணீர் பாட்டில், ஆபீஸ் பஞ்சாபிப் பெண்களிடம் கற்றுக்கொண்டு இன்னும் ஒரு கைகூட முடியாத ஸ்வெட்டர்.

"இதைத் தூக்கினா எருமைக்கே தோள் வலிக்கும்" என்றேன்.

"அச்சா! அப்போ இன்னிக்கு சாகலை" என்று பையை மறுதோளில் மாட்டிக்கொண்டு போனாள். வார்டில் எதற்கும் அசராதவள் என்று எனக்குப் பெயர். இப்போதோ, அவள் அறிவிப்பு வந்த நாளெல்லாம் வெளியே போகும் செருப்பை வாசலில் தயாராகப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.

போன மாதம் நாள் உண்மையாகவே தள்ளியது. டெஸ்டும் ஆமாம் என்றது. நேற்று ஸ்கேன். சேஷுவின் ஸ்கூட்டரில் ஏறியபடி, "கரெக்ட் அட்ரஸ்ல குடிவந்திருக்கான்னு பார்த்துண்டு வந்துடறேன் மாமி" என்றாள். வாய்தான் சிரித்தது. கை சேஷுவின் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் திரும்பியபோது நான் பால் பூத்தில் நின்றிருந்தேன், கையில் பாத்திரம் இல்லாமல். ஸ்கூட்டரைக் கண்டதும் பூத்காரன் தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி, "க்யா ஹுவா, பஹன்ஜி?" என்று என்ன ஆயிற்றென விசாரித்தான்.

மாதங்கி இறங்கினாள். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள். பிறகு, "மாசம்" என்று வாயை மட்டும் அசைத்து, மூன்று விரல்களைக் காட்டினாள்.